கவுன்சிலருக்குப் போட்ட நாற்காலி

ஷைனிம்மா,

போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். வாட்ஸ்அப்பில் சொன்னால் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் தாளை எடுத்தேன். எட்டாம் வகுப்பைத் தாண்டாத கைதான், ஆனால் ராஜகீழ்ப்பாக்கத்தில் காதுகுத்து முதல் கருமாதி வரை எத்தனையோ பேனருக்கு வாசகம் சொல்லிக் கொடுத்த கை என்பது உனக்கே தெரியும். அச்சுக்கடைக்காரன் இன்றைக்கும் என்னைக் கேட்காமல் 'வருக வருக' போடுவதில்லை. இந்தக் கடிதத்தை உன் அம்மா படித்துப் பார்த்த பிறகுதான் தபாலில் போடவேண்டுமாம். ரிட்டயர்டு ஆகியும் டீச்சர் புத்தி போகவில்லை, சிவப்புப் பேனாவோடு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். நான் எதையாவது கொஞ்சம் அழகுபடுத்தினால் கொட்டாவி விடுகிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது.

கவுன்சிலர் தேர்தலுக்கு இந்த முறை வரப்போவதில்லை என்று நீ மெசேஜ் அனுப்பியிருந்தாய். கல்யாணமாகி நாவலூருக்குப் போனாலும் உன் ஓட்டு இன்னும் இந்தத் தெருவில்தான் இருக்கிறது, ஒரு மணி நேரப் பயணம்தான், மாப்பிள்ளை காரில் கொண்டுவந்து விட்டுவிடுவார் என்றெல்லாம் சொல்லத்தான் உடனே போன் போட்டேன். அதற்கு நீ சொன்ன பதில் இது. "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப்பா அந்த லைன்ல வந்து நிக்கறது? வீடு வீடா போய் விமலா மிஸ்ஸுக்குப் போடுங்கன்னு கேட்டதே நான்தானே. என்னை நம்பித்தான் போட்டாங்க. இனிமே யாருக்கும் போடறதா இல்ல, யார்கிட்டயும் பேசறதா இல்ல." மந்திரியையே மேடையில் மடக்கிய ஆள் நான், உன்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். (எந்த மந்திரி என்று எதிரிலிருந்து கேள்வி வருகிறது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.)

உன் அப்பா பெரிய படிப்பாளி இல்லை. ஆனால் இந்தப் பக்கத்துத் தேர்தலைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் கிழக்குத் தாம்பரத்திலிருந்து கோவிலம்பாக்கம் வரை கிடையாது. காரணம், எல்லாக் கட்சியும் என் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஷாமியானா, நாற்காலி, மைக் செட் என்று ஒரு குடோனை வைத்துக்கொண்டு நான் பார்க்காத கூட்டமா? பேச்சாளர் வாயைத் திறக்கும் முன்பே, பெண்கள் வரிசையில் கடைசி நாற்காலிகள் நிறைகின்றனவா இல்லையா என்று பார்த்து, ஜெயிப்பது யார் என்று சொல்லிவிடுவேன். ஒருமுறை நான் சொன்னதைக் கேட்டு ஒரு வேட்பாளர் பிரச்சாரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு குலதெய்வம் கோயிலுக்குப் போய்விட்டார். டெபாசிட்டும் போய்விட்டது, அது வேறு கதை.

இவ்வளவு தெரிந்தவன் கவுன்சிலர் தேர்தலில் மட்டும் ஓட்டுப் போட்டதே இல்லை. பெரிய தேர்தலுக்குப் போவேன். அந்தக் கூட்டங்களுக்கு நாற்காலி வெளியூரிலிருந்து லாரியில் வந்து இறங்கும், நமக்கும் அதற்கும் ஒட்டு உறவு இல்லை. வார்டு தேர்தல் அப்படியா? நிற்கிறவர்கள் எல்லோரும் நம் வாசல் வழியாக நடக்கிறவர்கள். ஓட்டுப்பதிவு முடிந்த மறுநாள் நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்க வருகிறவன் முதலில் என் இடதுகை விரலைத்தான் பார்ப்பான். மை இல்லை என்றால் அவனுக்கு நிம்மதி. "அண்ணன் யாருக்கும் குத்தல, அண்ணன் பொது ஆளு" என்று சொல்லிக்கொண்டே போவான். அடுத்த கட்சிக்காரனும் வந்து அதையே சொல்வான். சுத்தமான விரல்தான் என் கடைக்கு போர்டு. இதை உன்னிடம் நான் மறைத்ததே இல்லை, பெருமையாகவே சொல்லியிருக்கிறேன். காலேஜில் படிக்கும்போது நீ சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்பாய்: "ஊருக்கெல்லாம் உட்கார இடம் குடுக்கறீங்க, யார் உட்காரணும்னு மட்டும் உங்களுக்கு அபிப்பிராயமே இல்லையாப்பா?" அபிப்பிராயம் வைத்துக்கொண்டால் நாற்காலி குடோனிலேயே தூங்கும்மா என்று சிரித்துவிட்டு மோரை ஊற்றிக்கொள்வேன்.

அப்படிப்பட்டவன் வீட்டில்தான் சென்ற தேர்தலில் நீ இறங்கினாய். வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டவுடனே, இந்தத் தெருவுக்கே டியூஷன் எடுத்த விமலா மிஸ் சுயேச்சையாக நிற்கவேண்டும் என்று அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டதே நீதான். உனக்குக் கணக்கு வர வைத்தவர், பட்டா மனு எழுதத் தெரியாதவர்களுக்கு உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவர். பூட்டு சின்னம் கிடைத்தது. ஆபீஸ் முடிந்து வந்து, முகம்கூடக் கழுவாமல், தோளில் பையோடு நீ ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டியதை நான் எதிர் டீக்கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பொது ஆள் அல்லவா, கூட வர முடியாது. ஆனால் டீக்கடையில் இருந்தவர்களிடம் எல்லாம், அதோ போகிறதே, அது என் பெண் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பெரிய கட்சிகள் இரண்டும் தோற்று விமலா மிஸ் ஜெயித்தபோது நம் தெருவில் வெடித்த பட்டாசுச் சத்தம் விமான நிலையத்தில் கேட்டு ஒரு பிளேன் இறங்காமல் திரும்பிப் போனது. (அம்மா கொட்டாவி விட்டுவிட்டாள்.)

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும், இருந்தாலும் என் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். கவுன்சிலர் நம்பருக்குப் போன் போட்டால் மிஸ்ஸின் வீட்டுக்காரர் எடுத்தார். "மேடம் பிஸி, என்கிட்ட சொல்லுங்க." காரில் 'மாமன்ற உறுப்பினர்' என்று போர்டு மாட்டியிருந்தது, உள்ளே அவர்தான் இருந்தார். பூமி பூஜைக்குக் கடப்பாரை பிடித்தவர் அவர், மாலை வாங்கியவர் அவர். மிஸ் கையெழுத்துப் போடும் அறையிலிருந்து வெளியே வரவே இல்லை. மழைநீர் வடிகால் என்று நம் தெரு நெடுகத் தோண்டிப் போட்டுவிட்டு காண்ட்ராக்டர் காணாமல் போனான். மழை வந்ததும் பள்ளம் எது ரோடு எது என்று தெரியாமல், தெருக்கோடியில் மாவு அரைத்து விற்கும் கஸ்தூரி அக்கா மாவு வாளியோடு உள்ளே விழுந்தாள். கால் உடைந்து, வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீரோடு கட்டில்மேல் கிடந்தவள், நீ பார்க்கப் போனபோது கேட்டதை நீயே வந்து எங்களிடம் சொன்னாய். "இன்னாம்மா ஷைனி, உன் ஆளு எங்க? பூட்டுக்குக் குத்துன்னு நீ சொன்ன, குத்துனேன். இப்ப என் வூட்டுக்குள்ள தண்ணி நின்னுகினு கீது. அவங்க வூட்டுக் கதவு பூட்டிகினு கீது." சொல்லிவிட்டு நீ சாப்பிடாமல் போய்ப் படுத்தாய்.

வேறு யாராவதாக இருந்தால் அதோடு விட்டிருப்பார்கள். ஃபேஸ்புக்கில் நாலு வரி திட்டி எழுதிவிட்டு ஆறியிருப்பார்கள். நீ தெருக் கூட்டம் என்று ஒன்றைக் கூட்டினாய். சர்ச்சுக்குப் பக்கத்துக் காலி மனையில் என் நாற்காலிகள்தான், வாடகை இல்லாமல். ஐந்நூறு பேர் வந்தார்கள். (சிவப்புப் பேனா முப்பது என்கிறது. சரி, முப்பது பேர், ஆனால் ஐந்நூறு பேரின் கோபத்தோடு.) கவுன்சிலருக்குக் கடிதம் கொடுத்திருந்தாய். வந்து இறங்கியது வீட்டுக்காரர். நேராக நடுவில் போட்டிருந்த நாற்காலிக்குப் போனார். அவர் உட்காரும் முன் நீ அதன் முதுகைப் பிடித்துக்கொண்டாய்.

"சார், இது கவுன்சிலருக்குப் போட்டது. நீங்க விருந்தாளி, இந்தப் பக்கம் வாங்க."

"ஏம்மா, நானும் அவங்களும் வேற வேறயா?"

"வீட்ல ஒண்ணுதான் சார். மெஷின்ல அவங்க பேருதான் இருந்துச்சு. உங்க பேரு இல்ல."

அவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "உங்க பொண்ணா அண்ணே? நல்லா வளர்த்திருக்கீங்க." நான் அப்போது அவர் முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை சொன்னேன், கூட்டமே அதிர்ந்துபோனது. (நான் "ஆமா சார்" என்றுதான் சொன்னேனாம். இருக்கட்டும், எந்தக் குரலில் சொன்னேன் என்பது உன் அம்மாவுக்குக் கேட்டிருக்காது, பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.) அவர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நீ அவரை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்டாய். "விமலா மிஸ், தோண்டிப் போட்ட கால்வாய எப்ப மூடுவீங்க?" கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாய், நிஜமாகவே ஒரு ஆள் உட்கார்ந்து யோசிக்கிற மாதிரி. பிறகு அடுத்த கேள்வி. பிறகு காத்திருத்தல். வாழ்நாள் முழுக்க மைக் வாடகைக்கு விட்டவன் நான். சத்தமாகப் பேசுகிறவர்களைத்தான் எனக்குத் தெரியும். அத்தனை பேர் நடுவே ஒரு பெண் பேசாமல் காத்திருந்து கூட்டத்தைக் கட்டிப்போட்டதை அன்றுதான் பார்த்தேன். கட்டுப் போட்ட காலோடு வந்திருந்த கஸ்தூரி அக்கா பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்: "அது பதில் சொல்லாது ஷைனி, மிஸ்ஸு வூட்ல கொழம்பு வெச்சிகினு கீது!" கூட்டம் சிரித்தது. வீட்டுக்காரர் எழுந்து காரில் ஏறிப் போய்விட்டார். நாற்காலிகளை அடுக்கும்போது நீ சொன்னாய், "ஒண்ணுமே நடக்கலைல்லப்பா." அடுத்த மாதம் கல்யாணம், அப்புறம் நாவலூர். ஒன்றும் நடக்கவில்லை என்ற நினைப்போடே நீ போய்விட்டாய்.

ஒன்றும் நடக்காமல் இல்லை. நீ போன பிறகு ஒருநாள் காலையில் விமலா மிஸ் தனியாக ஸ்கூட்டரில் குடோனுக்கு வந்தார். போர்டு மாட்டிய கார் இல்லை, வீட்டுக்காரர் இல்லை. உள்ளே வந்து, அடுக்கியிருந்ததைப் பார்த்துக் கேட்டார்: "அண்ணா, ஷைனி எனக்குப் போட்ட சேர் எது?" எல்லாம் ஒரே சிவப்பு பிளாஸ்டிக், யார் கண்டது? கீறல் இல்லாத ஒன்றை எடுத்துத் துடைத்து, இதுதான் மிஸ், தனியாக எடுத்து வைத்திருக்கிறேன் என்றேன். உட்கார்ந்தார். நாற்காலிக் கையைத் தடவிப் பார்த்தார். பிறகு, "டியூஷன்ல பதில் தெரியாம முழிச்சா நான் அவள உட்காரவே விடமாட்டேன். அவ எனக்கு சேராவது போட்டா" என்றார். டீ வரவழைத்தேன். டீ ஆறுவதற்குள் போனை எடுத்து மாநகராட்சி இன்ஜினியரைக் கூப்பிட்டார். "கவுன்சிலர் பேசறேன். இல்ல, சார் இல்ல. நான்தான் பேசறேன்." அந்த 'நான்தான்' என்பதை மூன்றுமுறை சொல்லவேண்டியிருந்தது. எதிர்முனைக்கு நம்பிக்கை வரவில்லை.

உன்னிடம் சொல்லவேண்டாம், முழுதாக முடித்துவிட்டுத் தானே சொல்கிறேன் என்று மிஸ் கேட்டுக்கொண்டார். நான் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். உன்னைத் தவிர இந்த ஏரியாவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், உன்னிடம் மட்டும் மூச்சு விடவில்லை. இன்றைக்கு ஏன் சொல்கிறேன் என்றால், வேலை முழுதாக முடியும் முன்பே தேர்தல் வந்துவிட்டது. தெருமுனையிலிருந்து சர்ச்சு வரை சிலாப் போட்டு மூடியாகிவிட்டது. அதற்கு மேல் கஸ்தூரி அக்கா வீடு வரை இன்னும் திறந்துதான் கிடக்கிறது. போனைச் சில நாள் மிஸ் எடுக்கிறார், சில நாள் அவர் எடுக்கிறார். நான் எதையும் கூட்டிச் சொல்கிறவன் என்று ஊரே சொல்லும். இதில் ஒரு சிலாப்கூட நான் கூட்டவில்லை, வேண்டுமானால் உன் அம்மாவைக் கேள். சிவப்புப் பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டாள்.

இந்தமுறையும் மிஸ் நிற்கிறார். எதிரில் இரண்டு பெண்கள், ஒருவர் கட்சி, ஒருவர் சுயேச்சை. மூன்று தரப்புக்கும் நாற்காலி என்னுடையதுதான். ஆனால் நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். சனிக்கிழமை போய் விரலில் மை வைத்துக்கொண்டு வரப்போகிறேன். யாருக்கு என்று கேட்காதே, உன்னிடம்கூடச் சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை நாற்காலி கொண்டுவருகிறவர்கள் பார்க்கட்டும். ஒவ்வொருவனும் அடுத்தவனுக்குத்தான் போட்டிருப்பேன் என்று நினைப்பான், கொஞ்ச நாள் யாரும் குடோன் பக்கம் வராமல் இருக்கலாம். உன் அம்மாவுக்கு அந்தப் பயம் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. ஆனால் காலி நாற்காலியிடமே கேள்வி கேட்ட பெண்ணுக்கு அப்பனாக இருந்துகொண்டு, உட்காரப்போவது யார் என்று எனக்குக் கவலையில்லை என்று இனியும் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. பேச்செல்லாம் பெரிதாகப் பேசியிருக்கிறேன். நீ செய்ததில் பாதிகூட நான் செய்ததில்லை.

நீ வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. நீ நினைப்பதும் சரிதான். இன்னொருவருக்காக ஊரிடம் ஓட்டுக் கேட்டு, ஜெயித்தவர் ஊருக்குச் செய்யவில்லை என்றால் வலிக்கும். ஓட்டுப் போட்டால் எல்லாம் மாறிவிடும் என்று சொன்னால் நானே நம்பமாட்டேன், பாதித் தெருதான் மூடியிருக்கிறது. நீ வராவிட்டால் உன்மேல் எனக்கு இருக்கிற பெருமையில் ஒரு கடுகளவும் குறையாது. இதோடு முடித்துக் கையெழுத்துப் போடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று மாவு வாங்கப் போனதில் இன்னும் ஒரு பக்கம் எழுதவேண்டியதாகிவிட்டது.

"ண்ணா, எலெக்‌ஷனுக்கு ஷைனி வருதா?" என்றாள் கஸ்தூரி அக்கா, மாவை மொண்டுகொண்டே.

"வரலையாம் கஸ்தூரி. உங்க முகத்தைப் பார்க்கக் கூச்சமா இருக்காம்."

கரண்டி அப்படியே நின்றுவிட்டது. "அதுக்கு இன்னாத்துக்குக் கூச்சம்? தண்ணி பூந்தது என் வூட்ல. கால் ஒடஞ்சது எனக்கு. பேஜாரு மொத்தமும் என்னுது. கூச்சம் மட்டும் அதுக்கா?"

"நீதானே அவளைப் பார்த்து, உன் ஆள் எங்கன்னு கேட்டே?"

"கேட்டேன். இன்னும் கேப்பேன். இந்த வாட்டி அது யாருக்குக் குத்தச் சொன்னாலும் நான் கேக்க மாட்டேன், அத முன்னாடியே சொல்லிடு. யாருக்குக் குத்தணும்னு எனக்கே தெரியும். ஆனா அத வரச் சொல்லு. அது வரலன்னா நான் யாரத் திட்டறது? மிஸ்ஸத் திட்டினா அந்தாளு காரு எடுத்துகினு வந்து நிக்கறான். அந்தாளத் திட்டினா நாளைக்கி என் கடைக்கு எவனாச்சும் நோட்டீஸ் கொண்டாருவான். உன் பொண்ணத் திட்டினாதான் நின்னு கேக்குது. கேட்டுட்டு வூட்டுக்குப் போயி அழுதுட்டு, மறுநா எதுனா ஒண்ணு பண்ணுது."

பிளாஸ்டிக் கவரை முடிச்சுப் போட்டு என் கையில் கொடுத்தாள். நான் கிளம்பித் தெருவில் பாதி தூரம் வந்த பிறகு பின்னாலிருந்து இன்னொரு தடவை கத்தினாள். அதை அப்படியே உன்னிடம் சொல்லச் சொன்னாள், ஒரு எழுத்துகூட நான் சேர்க்கவில்லை.

"காலைலயே வரச் சொல்லுண்ணா! வெய்யில் ஏறிட்டா என்னால லைன்ல நின்னுகினு திட்ட முடியாது!"

சொல்லிவிட்டேன், ஷைனிம்மா.

உன் அப்பா